உடம்பு ஓர் ஊரில், ஊதியம் ஓர் ஊரில்



சபர் செய்வது நம் சமூகத்துக்குப் புதிதன்று. சபராளி என்ற பெயரே நம்மவர்களுக்கென்று உண்டானது போல வழங்கி வந்திருக்கிறது. ஆனால் நம் பாட்டன்மார் செய்த சபருக்கும், இன்று நம் வாலிபர்கள் சிலர் செய்ய விரும்பும் சபருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்று வேலை எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊருக்கு மனிதன் போனான். கடை பினாங்கில் என்றால் கடைக்காரனும் பினாங்கில்தான் இருந்தாக வேண்டும். இன்றோ, சம்பளம் கொடுக்கும் கம்பெனி கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. சம்பளம் வாங்கும் பிள்ளை ஐரோப்பாவிலே, போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரத்தில், ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கிறான். உடம்பு ஓர் ஊரில், ஊதியம் ஓர் ஊரில்.

இத்தகைய பிள்ளைகளின் தகப்பன்மார் பலர் கேட்கும் கேள்வி, "இது ஆகுமா?" என்பதே. சம்பாத்தியம் ஹலாலா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு கடினமன்று. செய்யும் வேலை ஹலாலானால், ஒப்பந்தம் நேர்மையானால், கூலியும் ஹலாலே. வேலை செய்தவன் உட்கார்ந்த நாற்காலி எந்தத் தேசத்தில் கிடந்தது என்பதனால் கூலி ஹராமாகிவிடாது. ஆனால் இதற்கு அப்பால் வேறொரு கேள்வி இருக்கிறது. ஒரு மனிதன் தான் படுத்துறங்கும் ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? அவ்வூராரிடம் ஒரு காசும் சம்பாதிக்காதவனுக்கு அவ்வூராரிடம் கடமை ஏதேனும் உண்டா? இதனையே இங்கு சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் விஷயத்தை உள்ளபடி தெரிந்துகொள்வோம். இது யாரோ பின்வாசல் வழியாகச் செய்யும் காரியமன்று. ஐரோப்பிய சர்க்கார்களே இதற்கென்று வாசலைத் திறந்திருக்கின்றன. எஸ்டோனியா தேசம் 2020 ஆகஸ்டில் இத்தகையோருக்கெனத் தனி விசா கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் குரோஷியாவும், 2022 அக்டோபர் 30ந் தேதி முதல் போர்ச்சுகலும் அவ்வாறே செய்தன. ஸ்பெயின் தேசம் 2022 டிசம்பரில் இதற்குச் சட்டம் இயற்றிற்று. போர்ச்சுகலின் நிபந்தனை யாதெனில், வருகிறவனுடைய மாத வருமானம் அத்தேசத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பதாகும். 2025ல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 870 யூரோ. ஆகவே வருகிறவன் 3,480 யூரோ காட்ட வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தம், கடந்த மூன்று மாத வருமானத்துக்கு அத்தாட்சி, தங்க இடம், குற்றமற்றவன் என்ற சான்று ஆகியவையும் வேண்டும். நம் மலேசியாவும் 2022 அக்டோபரிலேயே 'டிஇ ரந்தாவ்' என்னும் பாஸைத் தொடங்கி, இதே வகை மனிதரைத் தன் பங்குக்கு அழைத்தது. ஆகவே நம் பிள்ளைகள் அங்கே போவதுபோல அவர்கள் பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று பேச இடமில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது, கணக்கு எழுதுவது, படம் வரைவது, வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது முதலியவையே பெரும்பாலும் இவ்விதம் செய்யப்படும் வேலைகள். இவற்றைத் தேடுகிறவர்களுக்கு வியாபாரி என்ற முறையில் ஒரு வார்த்தை. வேலை கொடுக்கிறவன் வேலைக்காரனிடம் பணம் கேட்கமாட்டான். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேலையன்று, வலை. 2022ல் நல்ல சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மாருக்கும் போன மலேசிய வாலிபர்கள், அங்கே மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்த செய்தியை நாம் மறக்கலாகாது. சரக்கைப் பார்க்காமல் விலை பேசாத நாம், முதலாளியைப் பாராமல் பிள்ளையை அனுப்பலாமா?

இனி மார்க்கம் சொல்வதைப் பார்ப்போம். பிக்ஹு நூல்களில் 'அமான்' என்று ஒரு பாடம் உண்டு. அந்நிய தேசத்தார் கொடுத்த அபயத்தின் பேரில் உள்ளே போன முஸ்லிம், அவர்களுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இக்காலத்து விசாதான் அந்த அமான். அதில் என்ன சொல்லி உள்ளே போனோமோ அதுவே நாம் கொடுத்த வாக்கு. மலேசியரும் சிங்கப்பூரரும் ஐரோப்பாவின் ஷெங்கன் தேசங்களுக்கு விசா இல்லாமல் போய், 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கலாம். அது சுற்றிப் பார்க்க வந்தவனுக்குக் கொடுத்த சலுகை. அதைக் கொண்டு உள்ளே போய் மாதக்கணக்கில் அங்கேயே குடியிருந்து, கேட்டால் "ஊர் பார்க்க வந்தேன்" என்று சொல்கிறவன், எத்தனை ரக்அத்துத் தொழுதாலும் வாக்குத் தவறியவனே.

அவ்வாறே, கம்பெனிக்குத் தெரியாமல் வேறு தேசத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலிருந்து வேலை செய்வதாகக் காட்டிக்கொள்வதும் அமானிதத்தில் மோசடியே. வேலைதான் ஒழுங்காக நடக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். வரி, காப்புறுதி, இரகசியத் தஸ்தாவேஜுகள் என்று முதலாளியின் தலைமேல் ஏறும் சுமைகள் எத்தனையோ இருக்கின்றன. நம் கடைச் சாவியை நாம் நம்பிக் கொடுத்த கணக்கப்பிள்ளை, நமக்குச் சொல்லாமல் அதனை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? ஒன்றும் திருடவில்லையே என்று அவன் சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

சரி, விசாவும் ஒழுங்காக எடுத்தாயிற்று, முதலாளியும் சம்மதித்தாயிற்று, வரியும் கட்டியாயிற்று. இத்துடன் கடமை தீர்ந்ததா?

தீர்ந்தது என்று வாலிபன் வாதாடலாம். அவன் வாதம் லேசானதன்று. "நான் அவ்வூரார் ஒருவருடைய வேலையையும் பறிக்கவில்லை. வெளித் தேசத்துப் பணத்தை அங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறேன். ரொட்டிக் கடைக்காரனுக்கும் காய்கறிக் கடைக்காரனுக்கும் என்னால் லாபம். வீட்டுக்காரன் கேட்ட வாடகையை மனம் ஒப்பிக் கொடுக்கிறேன். இருவர் பொருந்திச் செய்த வியாபாரத்தில் மூன்றாமவனுக்கு என்ன வழக்கு?" என்று அவன் கேட்பான். வியாபாரிகளாகிய நமக்கு இவ்வாதம் இனிக்கத்தான் செய்யும். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துக் கட்டளையிடும்படி கேட்டவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை என்பதை நாம் அறிவோம். பொருந்திய விலை ஹலாலான விலைதான்.

ஆயினும் லிஸ்பனில் நடந்ததையும் பார்க்க வேண்டும். வருகிறவன் நான்கு பேர் சம்பளத்தை ஒருவனாக வைத்திருக்கிறான். அவ்வூர்ப் பணியாள் ஒரு பங்கை வைத்திருக்கிறான். இருவரும் ஒரே வீட்டைக் கேட்டால் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. 2009 முதல் வெளியிலிருந்து குடியேறியவர்களுக்கு வருமான வரியிலும் தனிச் சலுகை இருந்தது. குறிப்பிட்ட உயர்தர உத்தியோகங்களுக்கு 20 சதவீதத்தோடு வரி முடிந்தது. ஜனங்களின் முணுமுணுப்புக்குப் பிறகு, 2024 முதல் அந்தத் திட்டம் புதிதாக வருகிறவர்களுக்கு மூடப்பட்டது. உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகள், வெளிநாட்டார் வாங்கிப் போடும் வீடுகள், போதிய வீடு கட்டப்படாமை என்று காரணங்கள் பல சேர்ந்து, நகரத்தின் நடுவில் வாடகை ஒரு தொழிலாளியின் முழுச் சம்பளத்தையும் விழுங்கலாயிற்று. 2023 ஏப்ரல் 1ந் தேதி, வாழ்வதற்கு வீடு வேண்டுமென்று லிஸ்பனிலும் வேறு நகரங்களிலும் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். கம்ப்யூட்டருடன் வந்தவன் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்வது அநியாயம். அவனுக்கு இதில் பங்கே இல்லை என்பதும் உண்மையன்று.

இந்த வேதனை நமக்குத் தெரியாததன்று. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்த் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அச்சட்டம் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு நீங்கியபோது, கடையை இழந்தவர்களும் மேல்மாடிக் குடியிருப்பை இழந்தவர்களும் உண்டு. புதிய வாடகை கொடுத்தவனும் வாங்கியவனும் ஹராமாக ஒன்றும் செய்யவில்லை. இருவரும் பொருந்தித்தான் எழுதிக்கொண்டார்கள். ஆனால் தெருவிலே தெரிந்த முகங்கள் குறைந்து போயின.

ஒவ்வொருவனும் குற்றமற்றவனாக இருக்க, எல்லோரும் சேர்ந்து ஒரு தீங்கு உண்டாவது எப்படி? நம் கடைத்தெரு அஞ்சடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடைக்காரனும் தன் வாசலில் ஒரே ஒரு பெட்டியைத்தான் வெளியே வைக்கிறான். எந்தப் பெட்டியும் தனியாக வழியை அடைக்கவில்லை. ஆனால் கண் தெரியாத ஒருவர் அஞ்சடியில் நடக்க முடியாமல் இறங்கி, கார் ஓடும் ரோட்டில் நடக்கிறார். "என் பெட்டி ஒன்றினாலா?" என்று எல்லோரும் கேட்கலாம். கேட்பது எல்லாம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் ரோட்டில் நடப்பது மாறவில்லையே! வழியிலே கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அதை வைத்தவன் யார் என்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு அகற்றும்படி அவர்கள் போதிக்கவில்லை. ஆகவே, "தீங்குக்கு நான் எவ்வளவு காரணம்?" என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பவன் ஒருவன்; "நான் இருக்கும் இடத்தில் என்னால் எந்த இடைஞ்சல் குறையும்?" என்று பார்ப்பவன் இன்னொருவன். இரண்டாமவனே முஃமினின் தன்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறான்.

இதற்கு அடிப்படையாக, மதரஸாவில் நாம் சிறுவயதில் ஓதிய ஒரு பாகுபாட்டை நினைவூட்டுகிறேன். பிரயாணத்தில் இருப்பவன் முஸாபிர். தொழுகையைச் சுருக்கலாம், நோன்பைப் பின்னால் வைக்கலாம், ஜும்ஆ அவன்மீது கடமையில்லை. ஓரிடத்தில் தங்க நிய்யத்து வைத்துவிட்டவன் முகீம். ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள், ஹனபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்க எண்ணினாலே அவன் முகீமாகிவிடுகிறான். சலுகைகள் போய்க் கடமைகள் வந்துவிடுகின்றன. அவ்வூரையே நிலையான இருப்பிடமாகக் கொண்டவன் முஸ்தவ்தின். ஷாபிஈ மத்ஹபின்படி ஜும்ஆவுக்கு வேண்டிய நாற்பது பேர் முஸ்தவ்தின்களாக இருக்க வேண்டும். முகீம் ஜும்ஆவுக்கு வந்தாக வேண்டும். ஆனால் அந்த நாற்பதில் அவனை எண்ணமாட்டார்கள்.

சகோதரர்களே, இதனைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். கடமை உண்டு, கணக்கில் இல்லை! ஓராண்டு, ஈராண்டு விசாவில் ஐரோப்பாவில் தங்கும் நம் பிள்ளையின் நிலைமை இதுவேயல்லவா? அவ்வூர்த் தேர்தலில் அவனுக்கு இடமில்லை. அவ்வூர்ப் பேச்சில் அவன் பெயர் வராது. அதனால் தன்னை முஸாபிர் என்று அவன் எண்ணிக்கொள்கிறான். ஓட்டலில் இருப்பவனைப்போல் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறான். நம் இமாம்களோ, எண்ணிக்கையில் சேராமலிருப்பது கடமையிலிருந்து விடுதலையாகாது என்று வெகு காலத்துக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

கடமை எதைப் பின்பற்றுகிறது, உடம்பையா, ஊதியத்தையா? தொழுகையைப் பாருங்கள். லிஸ்பனில் உட்கார்ந்து கோலாலம்பூர்க் கம்பெனிக்கு வேலை செய்கிறவனுக்கு, இங்கே காலை ஒன்பது மணி என்பது அங்கே கோடையில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, குளிர்காலத்தில் ஒரு மணி. அவன் கம்ப்யூட்டரில் கோலாலம்பூர் நேரம் ஓடலாம். ஆனால் கோலாலம்பூரில் லுஹர் பாங்கு சொன்னால் அவன் லுஹர் தொழ முடியாது. அவன் தலைக்குமேல் உள்ள சூரியனே அவனுக்குச் சாட்சி. ஜூன் மாதத்தில் லிஸ்பனில் மாலை ஒன்பது மணி வாக்கில்தான் சூரியன் அஸ்தமிக்கிறது. அதுவரை அவனுக்கு மஃரிப் இல்லை. நோன்புப் பெருநாள் பித்ராவும் அப்படியே. ரமலானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது மனிதன் எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர் ஏழைகளுக்கே அது உரியது என்பது ஷாபிஈ மத்ஹபு. சொத்தின் ஜக்காத்தோ சொத்து இருக்கும் ஊரைப் பின்பற்றுகிறது. ஆகவே மார்க்கம் இரண்டு ஊர்களுக்கும் உரிமை வைத்திருக்கிறது. பணம் கிடக்கும் ஊருக்கு ஓர் உரிமை. உடம்பு கிடக்கும் ஊருக்கு ஓர் உரிமை. ஒன்றைக் கொடுத்ததனால் மற்றொன்று கழிந்துவிடாது. போர்ச்சுகல் சர்க்காரும் பன்னிரண்டு மாதத்தில் 183 நாட்களுக்கு மேல் தங்கியவனை வரி விஷயத்தில் தன் குடியிருப்பாளனாகவே கருதுகிறது. உடம்பைத்தான் அதுவும் எண்ணுகிறது.

இனி நம் முன்னோர்களைப் பற்றிய ஆட்சேபணைக்கு வருவோம். "அவர்களும் இங்கே சம்பாதித்து ஊருக்கு அனுப்பியவர்கள்தாமே? உடம்பு பினாங்கில், மனம் நாகூரிலும் கடையநல்லூரிலும் இராமநாதபுரத்துக் கிராமங்களிலும்தானே இருந்தது?" என்று கேட்கலாம். வாஸ்தவமே. ஆனாலும் அவர்கள் இங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பினாங்கில் 1801ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826ல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தற்காலிகமாக வந்தவர்கள் கட்டியவைதாம். மலாய் பேசப் பழகினார்கள். சீனக் கடைக்காரர் வீட்டு மரணத்துக்குப் போய் நின்றார்கள். பணமாற்றுக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் மளிகைக் கடையிலும் ஊராரின் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

அவர்கள் எல்லோரும் மகான்களாக இருந்ததனாலா? அப்படிச் சொல்லிக்கொண்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஊராரின் தயவு இல்லாமல் கல்லாப்பெட்டி நிரம்பாது என்பதே உண்மை. கடைப் பலகை நம்மை மரியாதைக்காரர்களாக்கிற்று. வாடிக்கையாளரின் பாஷையை நாம் கற்றது, கற்காவிட்டால் சாமான் விற்காது என்பதனால். வியாபாரத்தை நம் நாயன் பரக்கத்தாக்கி வைத்திருப்பதில் இதுவும் ஒரு ஹிக்மத்து போலும்: மனிதனுக்கு மனிதன் தேவைப்படும்படி அவன் செய்து வைத்திருக்கிறான்.

கம்ப்யூட்டருடன் போன பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைச் சுளித்தாலும் அவன் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். அவ்வூர் பாஷை தெரியாவிட்டாலும் சோறு கிடைக்கும். ஊரார் தயவு அவனுக்குத் தேவையில்லை. அவனுடைய சபரில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான் என்பது என் அபிப்பிராயம். பன்றியும் மதுவும் விற்கும் தேசம் என்று நாம் பயப்படுகிறோம். அவை இங்கேயும் விற்கின்றன. யாருடைய தேவையும் இல்லாமல் ஓர் ஊரில் வாழ முடியும் என்ற நிலைமையே அதைவிடப் பெரிய சோதனை. நாம் தேவைக்காகச் செய்த நன்மைகளை அவன் அல்லாஹ்வுக்காக மட்டுமே செய்ய வேண்டியிருக்கிறது. செய்தானானால், கடைப் பலகைக்குப் பின்னால் நின்று சிரித்த நம்மைவிட அவன் நிய்யத்து சுத்தமானது. செய்யாவிட்டால், எத்தனை வருஷம் இருந்தாலும் அவன் அவ்வூரில் வாழ்ந்தவனாகமாட்டான்.

ஹிஜ்ரத்துச் செய்து மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அன்சாரித் தோழர் சஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தபோது, அவருக்குப் பரக்கத்து வேண்டித் துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியில் தன்மானம் இருப்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. ஜனங்கள் கூடும் இடத்தை அவர்கள் கேட்டார்கள். புதிய ஊரில் நாம் முதலில் கேட்பது எதுவோ அதைக் கொண்டே நாம் அங்கே எவ்விதம் வாழப்போகிறோம் என்பதைச் சொல்லிவிடலாம். நம் பிள்ளைகள் முதலில் கேட்பது இண்டர்நெட் எவ்வளவு வேகம் என்பதை. கேட்கட்டும், அது அவர்கள் தொழிலுக்குத் தேவை. இரண்டாவதாக எதைக் கேட்கிறார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

லிஸ்பனிலே மொராரியா என்று ஒரு பேட்டை இருக்கிறது. 1147ல் அந்நகரம் முஸ்லிம்களின் கையிலிருந்து போனபோது, எஞ்சிய முஸ்லிம்கள் மதிலுக்கு வெளியே குடியிருக்க விடப்பட்ட இடம் அது. 1496ல் அரசன் மானுவேல் போட்ட கட்டளையால் முஸ்லிம்கள் அத்தேசத்தை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். அந்த அரசனின் படைதான் 1511ல் நம் மலாக்காவைப் பிடித்தது. இன்று அதே பேட்டையில், பென்ஃபொர்மோஸோ என்னும் தெருவில், வங்காளதேசத்து முஸ்லிம்கள் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறார்கள். மொசாம்பிக்கிலிருந்து 1975ஐ ஒட்டி வந்த குஜராத்தி வம்சத்து முஸ்லிம் வியாபாரிகள் முன்னின்று வளர்த்த ஜமாஅத்தும் அந்நகரில் இருக்கிறது. 1985ல் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது.

கம்ப்யூட்டரில் சம்பாதிப்பவனுக்கு 2022ல் வாசல் திறந்த அதே தேசம், சுற்றுலாவாக வந்து அங்கே வேலை பார்த்துப் பிறகு குடியிருப்பு அனுமதி கேட்கும் ஏழைத் தொழிலாளிகளின் வழியை 2024 ஜூனில் மூடிற்று. 2024 டிசம்பரில் அந்தப் பென்ஃபொர்மோஸோ தெருவில் போலீசார் பலரைச் சுவரோடு வரிசையாக நிற்க வைத்துச் சோதித்த படம் உலகமெங்கும் வந்தது. அது தகாது என்று 2025 ஜனவரியில் அவ்வூர் ஜனங்களே திரளாக ஊர்வலம் போனார்கள். தன் வாசலில் யாரை விடுவது என்பது அத்தேசத்தின் அதிகாரம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நம் பிள்ளைக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அவனும் வெளித் தேசத்தான், சோறு கொண்டுவந்து கொடுக்கும் சைக்கிள்கார வங்காளியும் வெளித் தேசத்தான். ஒருவன் வரவேற்கப்பட்டவன், மற்றவன் சுவரோடு நிறுத்தப்பட்டவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இருவரும் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நிற்கிறார்கள். சலாம் கொடுத்து எழுந்தபிறகு, இவன் அவன் பெயரையாவது கேட்டானா?

ஆகவே போக விரும்பும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் சொல்லியனுப்ப வேண்டியவை சில உண்டு. சொன்ன காரணத்துக்கே உள்ளே போக வேண்டும், வரியை ஒளிக்கலாகாது. நாள் வாடகை வீடுகளில் மாதக்கணக்கில் தங்கி ஒரு குடும்பத்தின் இடத்தை அடைக்காமல், முறையான ஒப்பந்தத்துடன் தேவைக்கேற்ற அளவான இடத்தை எடுக்க வேண்டும். வீட்டுக்காரன் கேட்டதைவிட அதிகம் கொடுத்து இன்னொருவனை முந்துவது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் சரக்கின்மேல் போய் விலை ஏற்றுவது போன்ற காரியம். அதை நம் மார்க்கம் வெறுக்கிறது. அவ்வூர் பாஷையைப் படிக்க வேண்டும். போர்ச்சுகீஸ் நமக்கு அவ்வளவு அந்நியமன்று. அலமாரி, மேசை, ஜன்னல், சாவி என்று நாம் தினம் சொல்லும் வார்த்தைகள் அங்கிருந்து வந்தவைதாம். பித்ராவையும் தர்மத்தில் ஒரு பங்கையும் அங்கேயே கொடுக்க வேண்டும். குழம்பு வைத்தால் தண்ணீர் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டுக்கும் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன உபதேசத்தில், அண்டை வீட்டான் எந்தத் தேசத்தான் என்ற நிபந்தனை இல்லை.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் சம்பளம் இங்குள்ள வங்கியில் விழுகிறது, தினமும் கைப்பேசியில் முகம் தெரிகிறது, ஆகவே அவன் போகவேயில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். போயிருக்கிறான். உம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் பணம் வரும். கையைப் பிடித்து எழுப்பக் கை வராது. உடம்பு இருக்கும் ஊருக்கு உரிமை உண்டு என்று மேலே சொன்னோம். பெற்றோரின் உரிமையும் உடம்பின்மீது உள்ள உரிமைதான். பெற்றோருக்குத் தேவைப்படும் நிலைமையில் அவர்கள் மனப்பொருத்தம் இல்லாமல் போகலாகாது. அதேசமயம், நம் தனிமைக்குப் பயந்து, ஆகுமான ஒன்றை ஆகாது என்று மார்க்கத்தின் பெயரால் நாம் தடுப்பதும் தகாது. தடுப்பதானால், "எனக்கு நீ வேண்டும்" என்று சொல்லித் தடுப்போம். அது உண்மையான வார்த்தை. பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

இது ஆகுமா என்று கேட்டவர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய பதில் இதுதான். வேலை ஆகும். தங்குவதும் ஆகும். முகீமாக வாழ்ந்துகொண்டு முஸாபிரின் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்வது ஆகாது. பிக்ஹு விஷயங்களில் என் வார்த்தையோடு நிற்காமல், தத்தமது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளும்படி வேண்டுகிறேன். நம் ஊருக்கு டிஇ ரந்தாவ் பாஸில் வந்து நம் மாடியில் குடியிருக்கும் வெளித் தேசத்துப் பிள்ளையையும், மாதவாடகை எவ்வளவு கறக்கலாம் என்று மட்டும் பாராமல், பெருநாளன்று கூப்பிட்டு ஒரு தட்டுச் சோறு கொடுப்போமாக. நம் பிள்ளைகள் போன இடத்தில் நாம் எதிர்பார்ப்பதை, நம் இடத்தில் முதலில் நாம் செய்வோமாக.

எங்கிருந்தாலும் எந்த ஊரில் உறங்கினாலும் அவ்வூராருக்குப் பயன்படுகிறவர்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.